புல் வெட்டும் தொழிலுக்கு எஃப்.எம். விளம்பரம் தேவையா?

கேள்வி:

திருநகரில் இருந்துகொண்டு வீட்டுத் தோட்டம், புல்வெளி பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு லான் மூவர் (தள்ளிக்கொண்டே புல் வெட்டும் மெஷின்), இரண்டு பிரஷ் கட்டர் (தோளில் மாட்டி வெட்டும் மெஷின்), பழைய டாடா ஏஸ் வண்டி ஒன்று, கூட இரண்டு ஆட்கள். மாதப் பராமரிப்புக்கு 14 வீடுகள் இருக்கின்றன. திருநகர், டி.வி.எஸ். நகர், கே.கே. நகர், அய்யர் பங்களா, ஒத்தக்கடை என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்கு மாதம் இரண்டு தடவை போகிறோம், 1,500 ரூபாய் வாங்குகிறேன். ஆளுக்கு நாள் கூலி 800. புதிதாகப் புல் பதிக்கும் வேலை எப்போதாவதுதான் வருகிறது. 500 சதுர அடி பதித்தால் செலவு போக ஐந்தாறாயிரம் நிற்கும்.

போன ஆடியில் 5,000 நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்து அனுப்பினேன். அச்சு, ஏஜென்ட் கூலி எல்லாம் சேர்ந்து 9,500. வந்தது 11 போன். அதில் ஆறு பேர் தென்னை மரம் சுத்தம் செய்யவும் காலிமனையில் முள் வெட்டவும் கேட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு புல் பதிக்கும் வேலைதான் கிடைத்தது. இணையப் பட்டியல் ஒன்றுக்கு வருடச் சந்தா 18,000 கட்டினேன். விலை கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்போது கையில் 60,000 இருக்கிறது. எஃப்.எம்.மில் விளம்பரம் செய்யலாம் என்கிறார் ஒருவர். மாதம் 8,000 கொடுத்தால் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் இன்னொருவர். பைபாஸில் ஃப்ளெக்ஸ் வை என்கிறார் மச்சான். எதைச் செய்யலாம்? நோட்டீஸை ஆங்கிலத்தில் அடித்தால் பெரிய வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்களா? பழைய நோட்டீஸை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வாசகர், திருநகர், மதுரை

பதில்:

மூன்று யோசனையையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மூன்றுமே ஊர் முழுக்கப் பெயரைக் கொண்டுபோகும் வழிகள். உங்களுக்குப் பணம் கரைவதே ஊர் முழுக்கப் போவதால்தான். நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு பேருக்கு நாள் கூலி 1,600. எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு 200. ஒரு வீட்டில் புல் வெட்டி, ஓரம் கத்தரித்து, களை எடுத்து, குப்பையை அள்ள இரண்டு மணி நேரம் என்று வையுங்கள்: 400 ரூபாய். மெஷினுக்குப் பெட்ரோல் 40. இதுவரை எல்லா வீட்டுக்கும் ஒரே செலவுதான். வண்டி கிளம்பியதும்தான் வித்தியாசம். திருநகரில் இருந்து ஒத்தக்கடை 20 கிலோமீட்டருக்கு மேல். ரிங் ரோட்டில் போனாலும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி 150, டீசல் 120. ஆக ஒரு தடவைக்கு 710, மாதம் இரண்டு தடவைக்கு 1,420. வாங்குகிற 1,500-இல் மிச்சம் 80 ரூபாய். திரும்பி வருகிற செலவையும், லான் மூவர் பிளேடு தீட்டுகிற செலவையும் இதில் சேர்க்கவில்லை.

இதே வேலை, இதே விலை, ஆனால் முந்தைய வீட்டில் இருந்து பத்து நிமிடத்தில் போகிற வீடு என்றால் கூலி 35, டீசல் 10. ஒரு தடவைக்கு 485, மாதம் 970, மிச்சம் 530. வருடத்துக்கு தூரத்து வீடு தருவது 960 ரூபாய். பக்கத்து வீடு தருவது 6,360 ரூபாய்.

விளம்பரத்தை இந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு புது வீட்டைப் பிடிக்க, முதல் வருடத்தில் அந்த வீடு மிச்சம் வைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்கு 2,100 வரை செலவழிக்கலாம். தூரத்து வீட்டுக்கு 320-தான். உங்கள் 18,000 சந்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒத்தக்கடைப் பக்கத்து வீடுகளாகக் கிடைத்தால் 19 வீடு பிடித்தால்தான் போட்ட பணம் ஒரு வருடத்தில் திரும்பும், திருநகர்ப் பக்கம் என்றால் மூன்று வீடு போதும். (இருக்கிற தூரத்து வீடுகளை ஒரே நாளில் சேர்த்துப் போகிற மாதிரி மாற்றுங்கள், அடுத்த புதுப்பிப்பில் 2,000 கேளுங்கள். போனால் போகட்டும்.)

நோட்டீஸுக்கு வருவோம். பேப்பருக்குள் வைத்த 5,000-இல் பெரும்பகுதி அபார்ட்மென்டுக்கும், வாசலில் கோலம் போடும் அளவே இடமுள்ள வரிசை வீடுகளுக்கும் போயிருக்கும். மண்ணே இல்லாத வீட்டுக்குப் புல் வெட்டுகிற நோட்டீஸ் போய் என்ன பயன்? ஏஜென்ட் ஏரியா பார்த்துக் கட்டு பிரிப்பாரே தவிர, தோட்டம் இருக்கிற வீடு பார்த்துப் பிரிக்க முடியாது.

அதில் எழுதியிருப்பதும் சரியில்லை. வெள்ளை மரவேலி போட்ட வெளிநாட்டு வீட்டுப் புல்வெளிப் படம். கீழே, ‘அனைத்து விதமான தோட்ட வேலைகளும் குறைந்த செலவில் சிறந்த முறையில் செய்து தரப்படும்’. அதற்கும் கீழே இரண்டு போன் நம்பர். ‘அனைத்து விதமான’ என்று போட்டால் தென்னை மரம் ஏறத்தான் கூப்பிடுவார்கள். நோட்டீஸ் சொன்னதைத்தான் அந்த ஆறு பேரும் கேட்டிருக்கிறார்கள். எந்த ஏரியா என்று இல்லை, விலை இல்லை, நீங்கள் செய்த வேலையின் படம் ஒன்றுகூட இல்லை.

புது நோட்டீஸுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திருநகர், ஹார்விபட்டி, திருப்பரங்குன்றம், பசுமலை தெருக்களில் டூவீலரில் போங்கள். கேட் வழியாகப் பார்த்தால் புல்லோ தோட்டமோ தெரிகிற வீடுகளை மட்டும் தெருவாரியாகக் குறியுங்கள். புல் வளர்ந்து விதை தள்ளி நிற்கிற வீட்டுக்கு ஒரு நட்சத்திரம், வேறு ஆள் வெட்டுகிற வீட்டுக்கு ஒரு கோடு. நான்கைந்து ஞாயிற்றுக்கிழமையில் பட்டியல் கைக்கு வந்துவிடும். நூறு வீடு தேறலாம், இருநூறு தேறலாம். அந்த எண்ணிக்கைக்கு மேல் நோட்டீஸ் அடிக்கவே வேண்டியதில்லை. மூன்று தடவை கொடுக்க மூன்று மடங்கு அடித்தால் போதும். ஒரு தடவை பார்த்த நோட்டீஸுக்கு ஆட்கள் போன் செய்வது அபூர்வம். ஒரு மாத இடைவெளியில் மூன்றாவது தடவை வரும்போதுதான் ‘இந்தத் தம்பி இன்னும் இங்கேதான் வேலை பார்க்கிறார்’ என்று நம்பிக்கை வரும்.

எழுத வேண்டியது இப்படி:

‘திருநகர், ஹார்விபட்டி வீடுகளுக்கு. உங்கள் பக்கத்துத் தெருவில் செவ்வாய்க்கிழமைதோறும் வேலை செய்கிறோம். மாதம் இரண்டு முறை: புல் வெட்டு, ஓரம் கத்தரிப்பு, கோரை பிடுங்குதல். வெட்டிய புல்லை நாங்களே அள்ளிச் செல்வோம். 300 சதுர அடி வரை மாதம் 1,500 ரூபாய். உங்கள் புல்லைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், இன்று மாலைக்குள் விலை சொல்கிறோம்.’

இதில் மூன்று விஷயம் வேலை செய்கிறது. ‘செவ்வாய்க்கிழமை’ என்கிற சொல் நீங்கள் நிரந்தரமாக வருகிற ஆள் என்று காட்டுகிறது. ‘அள்ளிச் செல்வோம்’ என்பது வீட்டுக்காரர்களின் பெரிய தலைவலியைத் தொடுகிறது. வெட்டிக் குவித்துவிட்டுப் போகிற ஆட்களைப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். விலை போட்டிருப்பதால், அந்த விலை கட்டாதவர்கள் கூப்பிடவே மாட்டார்கள். உங்கள் நேரம் மிச்சம். ‘இலவச ஆலோசனை’ என்ற வரியை மட்டும் சேர்க்காதீர்கள். பாதி நாள் அதிலேயே போகும்.

‘முன்பு, பின்பு’ என்று ஒரு ஜோடிப் படம் போதும். உங்கள் பழைய வாடிக்கையாளர் வீட்டில் சிமென்ட் நடைபாதையை ஒட்டிய ஓரத்தை எடுங்கள். புல் நடைபாதைமேல் ஏறிக் கிடப்பது ஒரு படம். மண்வெட்டியால் நேர்கோடு போட்டு வெட்டியபின் அதே இடம், அதே உயரம், அதே காலை வெயிலில் இன்னொரு படம். வெட்டிய புல்வெளியைத் தூரத்தில் இருந்து எடுத்தால் போட்டோவில் பச்சையாக மட்டுமே தெரியும், வித்தியாசம் தெரியாது. அந்த ஓரக்கோட்டைப் பார்த்தால் கை சுத்தமான ஆள் என்று யாருக்கும் புரியும். படத்துக்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டு எண்ணும் கார் நம்பர் பிளேட்டும் சட்டகத்துக்குள் வராமல் பாருங்கள்.

இந்த நோட்டீஸைக் கொடுக்க ஏற்ற நேரம், ஒரு வீட்டில் வேலை முடித்த கையோடு. இந்தப் பக்கம் நான்கு வீடு, அந்தப் பக்கம் நான்கு, எதிரே ஐந்து. மெஷின் சத்தம் கேட்டு ஏற்கெனவே எட்டிப் பார்த்திருப்பார்கள். கேட்டுக்குள் வீசாதீர்கள், வெளியே ஆள் நின்றால் கையில் கொடுங்கள், இல்லாவிட்டால் கேட் கம்பியில் சொருகுங்கள்.

இதோடு சேர வேண்டியது ஒரு சிறு போர்டு. வேலை நடக்கிற வீட்டில், உரிமையாளர் சம்மதத்தோடு, கேட்டின் உள்பக்கக் கம்பியில் ரோட்டைப் பார்த்து இரண்டு வாரம் தொங்கட்டும். சன்போர்டில் (கெட்டியான பிளாஸ்டிக் நுரைப் பலகை) இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். எழுத்துக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: ஒரு அங்குல உயர எழுத்தைப் பத்தடி தூரத்தில் சிரமமில்லாமல் படிக்கலாம். தெரு இருபது அடி அகலம் என்றால் எண்கள் இரண்டு அங்குல உயரமாவது வேண்டும். பத்து இலக்கமும் இரண்டடி அகலத்தில் சரியாக அடங்கும். ‘இந்தப் புல்வெளிப் பராமரிப்பு:’ என்று மேலே ஒரு வரி, நடுவில் நம்பர், கீழே ஏரியா பெயர். வேறு எதுவும் வேண்டாம். பூப்படம் போட்டால் நம்பருக்கு இடமில்லாமல் போகும். இப்படி ஆறு போர்டு வைத்திருந்தால் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தலாம். ஃப்ளெக்ஸில் அடித்தால் காற்றில் மடங்கி இரண்டே வாரத்தில் அசிங்கமாகிவிடும்.

மச்சான் சொன்ன பைபாஸ் ஃப்ளெக்ஸைப் பற்றி இரண்டே வரி. அனுமதி இல்லாமல் வைத்தால் மாநகராட்சி கழற்றிவிடும், அபராதமும் வரலாம். சுவரில் எழுதுவதற்கும் ஒட்டுவதற்கும் 1959-ஆம் ஆண்டில் இருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. சிலர் சின்ன போர்டாக மரத்தில் ஆணி அடித்து மாட்டுகிறார்கள். செடி வளர்த்துப் பிழைக்கிற ஆள் மரத்தில் ஆணி அடித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்!

அடுத்தது போன். உங்கள் பட்டியல் சந்தா வீணானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். அந்த மாதிரிப் பட்டியலில் ஒருவர் கேட்டால் அதே விசாரணை நான்கைந்து பேருக்குப் போகிறது. முதலில் பேசுகிறவருக்குத்தான் வேலை. நீங்களோ பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டியிருப்பீர்கள். போன் அடித்தது காதில் விழாது. மதியம் சாப்பிடும்போது பார்த்துத் திரும்பக் கூப்பிட்டால், ‘வேற ஆள் வரச் சொல்லிட்டோம்’ என்பார்கள். போன் செட்டிங்கில் ‘கால் ஃபார்வேர்டிங்’ போய், எடுக்காத அழைப்பு வீட்டில் இருப்பவரின் நம்பருக்குப் போகிற மாதிரி வையுங்கள். எடுப்பவர் விலை சொல்ல வேண்டாம். நான்கு கேள்வி கேட்டு எழுதி வைத்தால் போதும்: ‘எந்த ஏரியா சார்? புல் எத்தனை அடிக்கு எத்தனை அடி இருக்கும்? கடைசியா எப்ப வெட்டுனது? நம்ம நம்பர் எப்படிக் கிடைச்சது?’

அந்த நான்காவது கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். இவ்வளவு செலவழித்தும் எது வேலை செய்தது என்று உங்களால் சொல்ல முடியாமல் இருப்பது அதைக் கேட்காததால்தான். போனில் இரண்டாவது சிம்முக்கு இடம் இருந்தால் நோட்டீஸுக்கு அந்த நம்பரை மட்டும் போடுங்கள், கேட்காமலேயே தெரிந்துவிடும்.

விலை கேட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் வெட்டியாகக் கேட்பவர்கள் அல்லர். ‘நேரில் பார்த்தாத்தான் சொல்ல முடியும்’ என்றாலும் போய்விடுவார்கள், ‘1,500’ என்று மொட்டையாகச் சொன்னாலும் போய்விடுவார்கள். ‘300 அடி வரைக்கும் 1,500, அதுக்கு மேல 600 அடி வரைக்கும் 2,200. மாசம் ரெண்டு தடவை, ஓரம் வெட்டி, குப்பையையும் அள்ளிடுவோம். முதல் தடவை ரொம்ப வளர்ந்திருந்தா மட்டும் 500 கூட ஆகும்’ என்று சொல்லிப் பாருங்கள். (எண்ணை உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.) இதையே வாட்ஸ்அப் பிசினஸில் ‘விரைவுப் பதில்’ ஆகச் சேமித்தால் ஒரு தட்டில் போகும். அதே ஆப்பில் லேபிள் வசதி இருக்கிறது: புது விசாரணை, விலை சொன்னது, வேலை நடக்கிறது, மாத வாடிக்கை. ‘விலை சொன்னது’ என்ற லேபிளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் திறந்து, பதில் வராதவர்களுக்கு ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் முதல் வேலை முடிந்ததும், ‘நம்பரைச் சேவ் பண்ணி வச்சுக்கங்க, மழைக்கு முன்னாடி உரம் போடச் சொல்லி மெசேஜ் அனுப்புவேன்’ என்று சொல்லிவிடுங்கள். ‘பத்தாயிரம் மதுரை நம்பர் தருகிறேன்’ என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு மொத்தமாக அனுப்பினால் அவர்கள் ரிப்போர்ட் அடிப்பார்கள், உங்கள் நம்பரே முடங்கிப் போகும்.

காசு செலவில்லாமல் அதிகம் கொடுப்பது கூகுள் மேப்பில் வரும் தொழில் பக்கம். அதை உங்கள் சொந்த ஜிமெயிலில் நீங்களே திறங்கள். வேறு யாராவது ஒரு ஆள் செய்து கொடுப்பதானாலும் உரிமையாளர் நீங்கள்தான், அவர் மேனேஜர் மட்டும். ஏஜென்ட் தன் மெயிலில் திறந்துவிட்டு, மனஸ்தாபம் வந்ததும் பக்கத்தோடு போய்விட்டால் சேர்த்த ரிவ்யூ எல்லாம் போச்சு. கடை இல்லாமல் வீட்டில் இருந்து தொழில் செய்வதால், முகவரியை மறைத்துவிட்டு ‘சேவை வழங்கும் பகுதி’ என்று போடலாம். 20 பகுதிகள் வரை சேர்க்க இடம் கொடுக்கிறார்கள். நீங்கள் ஆறோடு நிறுத்துங்கள். பெயர் இடத்தில் தொழில் பெயரை மட்டும் எழுதுங்கள். ‘மதுரை நம்பர் 1 பெஸ்ட் லான் கட்டிங்’ என்று ஒட்டவைத்தால் விதிமீறல் என்று பக்கத்தை நிறுத்திவிடுவார்கள். சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள்: தெருப் பெயர்ப் பலகை, பெயர் எழுதிய வண்டி, லான் மூவர், பிரஷ் கட்டர் எல்லாம் ஒரே ஓட்டமாக, வெட்டி ஒட்டாமல் எடுக்க வேண்டும். வண்டியில் பெயர் எழுதாமல் இருந்தால் முதலில் அதை எழுதிவிட்டு எடுங்கள்.

ரிவ்யூவை முதல் தடவை வெட்டியதும் கேட்காதீர்கள். நீளமாக வளர்ந்த புல்லை முதல் தடவை வெட்டினால் அடித்தண்டு தெரிந்து மஞ்சளாகக் கிடக்கும். அந்தச் சமயம் யாரும் மனசார எழுத மாட்டார்கள். மூன்றாவது தடவைக்குள் பச்சை கட்டிவிடும். அப்போது, ‘அம்மா, வேலை பிடிச்சிருந்தா கூகுள்ல ரெண்டு வரி எழுதிவிடுங்க, லிங்க் அனுப்புறேன்’ என்று கேளுங்கள். 14 வீட்டில் பத்துப் பேர் எழுதினாலே உங்கள் பக்கம் அந்த வட்டாரத்தில் எடுபடும். எழுதினால் நூறு ரூபாய் தள்ளுபடி என்று பேசாதீர்கள், கூகுள் விதிப்படி அது கூடாது. சொந்தக்காரர்கள் இருபது பேரை ஒரே நாளில் எழுத வைப்பதும் வேலைக்கு ஆகாது. ‘கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறேன், உத்தரவாதம்’ என்று போனில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். அந்த உத்தரவாதத்தை யாராலும் கொடுக்க முடியாது.

இன்ஸ்டாகிராமுக்கு மாதம் 8,000 கேட்பவர் பெரும்பாலும் பொங்கல் வாழ்த்தும் தீபாவளி வாழ்த்தும் போஸ்டராகப் போடுவார். ஃபாலோவர் சிவகாசியிலும் சென்னையிலும் இருப்பார்கள். அதற்குப் பதில் நீங்களே ஒரு முப்பது விநாடி வீடியோ எடுங்கள். அதே ஓரம் வெட்டுகிற காட்சி, தலைக்கு மேலே இருந்து. அதை விளம்பரமாகப் போடும்போது நோக்கம் ‘மெசேஜ்’, லைக் அல்ல. இடம் கேட்கும்போது ‘மதுரை’ என்று கொடுக்காமல், திருநகரில் ஒரு புள்ளி வைத்து மூன்று கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். நாளைக்கு 200 வீதம் பத்து நாள்: 2,000, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 360. மொத்தம் 2,360. இரண்டு வீடு மாத வாடிக்கையாகச் சேர்ந்தால் வரம்புக்குள் இருக்கிறது. ஒன்றுகூடச் சேராவிட்டால் வீடியோவை மாற்றி இன்னொரு தடவை, அதோடு நிறுத்துங்கள்.

கூகுளில் காசு கட்டித் தேடலில் வருவதை ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம். அப்போது இரண்டு இடத்தில் ஏமாறாதீர்கள். இடம் தேர்வில் ‘அங்கே இருப்பவர்கள்’ என்பதை மட்டும் வையுங்கள். தானாக வருகிற தேர்வில் மதுரையில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களும் சேர்ந்துவிடுவார்கள். செயற்கைப் புல், புல் விதை, மெஷின் விலை, வேலைவாய்ப்பு ஆகிய சொற்களை விலக்குப் பட்டியலில் போடாவிட்டால், அவற்றைத் தேடுபவர்கள் கிளிக் செய்யும் ஒவ்வொரு தடவையும் உங்கள் காசு போகும்.

இதுவரை சொன்னது பராமரிப்பு வேலைக்கு. புதிதாகப் புல் பதிக்கும் வேலை வேறு வழியாக வருகிறது. வீடு கட்டுகிறவர் புல்லைப் பற்றி யோசிப்பதே கடைசியில், கிரகப்பிரவேசத் தேதி குறித்த பிறகுதான். அவர் கேட்கிற முதல் ஆள் சைட் இன்ஜினியர். உங்கள் விளம்பரம் போய்ச் சேர வேண்டியது அவரிடம். நீங்கள் ஆடியில் வீட்டுக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தீர்கள். ஆடியில் யாரும் குடிபோவதில்லை, காற்று வேறு மண்ணைக் காயவைக்கும். ஆனால் இன்ஜினியர்களைப் பார்க்க ஆடியைவிட நல்ல மாதம் கிடையாது. ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்களுக்கான வீடுகளில் அப்போதுதான் பூச்சு வேலையும் டைல்ஸும் நடந்துகொண்டிருக்கும். தை மாதத்து வீடுகளுக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சுற்று.

போகும்போது விசிட்டிங் கார்டு மட்டும் கொண்டுபோனால் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் போய்விடும். அவருக்குப் பயன்படுகிற ஒரு பக்கத் தாள் கொடுங்கள், லேமினேட் செய்து. அதில் இருக்க வேண்டியவை: புல் வருகிற இடத்தில் சிமென்ட் கலவை, உடைந்த கல், பூச்சுச் சிதறலை அரை அடி ஆழத்துக்கு அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் காரத்தன்மை ஏறி, புல் திட்டுத் திட்டாகக் கருகும். மண் மட்டம் நடைபாதையைவிட ஒன்றரை அங்குலம் தாழ நிற்க வேண்டும்; புல் பாய் (பாய் போல வெட்டி எடுத்த புல்) பதித்ததும் மட்டமாக வரும். சுவரில் இருந்து வெளிப்பக்கம் பத்தடிக்கு ஒன்றிரண்டு அங்குலம் சரிவு. நடைபாதைக்குக் கான்கிரீட் போடும் முன்பே குறுக்கே ஒரு அங்குல பிவிசி குழாய்; பிறகு தண்ணீர் லைன் இழுக்கத் தரையை உடைக்க வேண்டாம். வெளியே ஒரு குழாய்முனை. கடைசியாக, பதித்த புல் வேர் பிடிக்க நான்கு வாரமாவது வேண்டும். விசேஷத்துக்குப் பத்து நாள் முன்பு பதித்தால் பந்தல் காலும் நாற்காலியும் பாயைப் பெயர்த்துவிடும். அந்தப் பழி இன்ஜினியர் தலையில் விழும். இந்தக் கடைசி வரிக்காகவே தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

கமிஷன் கேட்டால் ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று முன்கூட்டிப் பேசி, வீட்டுக்காரரிடம் முழுப்பணம் வந்த பிறகு கொடுங்கள். அதோடு, ‘முதல் இரண்டு வெட்டு இலவசம்’ என்று புல் பதிக்கும் விலைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். மூன்றாவது வெட்டுக்கு அந்த வீடு மாத வாடிக்கையாக மாறிவிடும்.

புல் பதிக்கும் விளம்பரத்தில் ஒரு எச்சரிக்கை. ‘பச்சைக் கம்பளம்’ என்று படம் காட்டி வேலை வாங்கிவிட்டு, வேப்பமர நிழலில் அருகம்புல் வகையைப் பதித்தால் மூன்று மாதத்தில் வெறும் தரை தெரியும். அருகம்புல் வகைகள் போர் தண்ணீர் உப்பை ஓரளவு தாங்கும், நிழலைத் தாங்காது. பஃபலோ என்று நர்சரியில் விற்கிற அகலப் புல் பாதி நிழலிலும் நிற்கும். ‘உங்கள் தண்ணீரையும் வெயிலையும் பார்த்துத்தான் புல் சொல்வோம்’ என்று நோட்டீஸில் ஒரு வரி இருந்தால் மற்ற ஆட்களில் இருந்து தனியாகத் தெரிவீர்கள். சந்தேகமான போர் தண்ணீரை அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பதியுங்கள். செத்த புல்வெளி ஒன்று அந்தத் தெருவில் பத்து நோட்டீஸைத் தின்றுவிடும்.

எஃப்.எம். பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வரை கேட்கிறவர்களுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது இருநூறு வீடு. ஐந்து வண்டி ஓடும்போது பார்க்கலாம்.

60,000-த்தை மொத்தமாக இறக்காதீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு 15,000-க்கு மேல் போகவிட வேண்டாம். போர்டு, நோட்டீஸ், இன்ஜினியர் தாள், வண்டியில் பெயர், ஆட்களுக்கு ஒரே நிற டீ-சர்ட் இரண்டிரண்டு, இரண்டு சுற்று இன்ஸ்டாகிராம் விளம்பரம், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, ஏரியா, எப்படித் தெரிந்தது, விலை சொன்னதா, வேலை கிடைத்ததா. மூன்று மாதம் கழித்து, ஒவ்வொரு வழிக்கும் ஆன செலவை அந்த வழியாகச் சேர்ந்த மாத வாடிக்கை வீடுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 2,100-க்குள் வந்த வழிக்கு அடுத்த 15,000. அதற்கு மேல் போனதை நிறுத்துங்கள். பட்டியல் சந்தாவின் புதுப்பிப்புத் தேதியையும் அந்த நோட்டிலேயே குறித்து, அதற்குள் இந்தக் கணக்கில் ஒன்பது பக்கத்து வீடு தேறாவிட்டால் கட்டாதீர்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதிக்கு வங்கியில் ஒப்புதல் கொடுத்திருந்தால் முன்கூட்டியே ரத்து செய்துவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, மொழி. நோட்டீஸும் போர்டும் தமிழில் இருக்கட்டும். பெரிய வீட்டில் கேட் திறப்பவரும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுபவரும், ‘ஒரு ஆள் வந்து போறாருங்க’ என்று வீட்டுக்காரரிடம் சொல்பவரும் தமிழில்தான் படிப்பார்கள். ஆனால் போனில் தேடுகிறவர்கள் ‘லான் கட்டிங்’, ‘கிராஸ் கட்டிங்’, ‘கார்டன் மெயின்டனன்ஸ்’ என்று ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அதனால் கூகுள் பக்கத்தில் சேவைகளின் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்து, விளக்கத்தை இரண்டு மொழியிலும் எழுதுங்கள். அய்யர் பங்களா, கே.கே. நகர்ப் பக்கம் தனியாக ஒரு வண்டி ஓட்டுகிற நாள் வந்தால், அங்கே ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமுமாக நூறு நோட்டீஸ் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு நம்பர் போட்டால் எந்தப் பக்கம் படித்தார்கள் என்று தெரியும்.